தீராப் பிணியும் திருத்தொண்டும்

கிடைத்தற்கரிய மானிடப் பிறவியைப் பெற்றவர்கள் அதனைக் கொண்டு இறைவன் திருவடியை அடைதல் வேண்டும் என்பது சைவ சமயம் வற்புறுத்தும் உண்மையாகும். அதற்குக் கருவியாகத் தரப்பட்டதே இவ்வுடம்பு. கருவி பழுதின்றி இருக்கும் வரை வழிபாடும் தொண்டும் தடையின்றி நடைபெறுகின்றன. ஆனால் அக்கருவி பழுதுபட்டு, அப்பழுது ஆண்டுக்கணக்கில் நீடித்து, இனி முற்றாகத் தீராது என்று வைத்தியரும் சொல்லிவிட்டால் அந்த மனிதர் என்ன செய்வது? உடம்பு நோவதோடு மனமும் எழும்ப மறுத்தால் அது அவருடைய குற்றமாகுமா? இக்கேள்வி இன்று கிராமங்கள் தோறும் பல வீடுகளில், வாய்விட்டுக் கேட்கப்படாமலே இருந்து வருகின்றது.

முற்காலத்தில் மக்களை அதிகம் வாட்டிய அம்மை, வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல் போன்றவை வந்து போகும் நோய்கள். அல்லது உயிரைக் கொண்டு போகும் நோய்கள். இன்று வீடுகளில் காணப்படும் சலரோகம், இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், மூட்டுவாதம் முதலியவை வந்து தங்கும் நோய்கள். வந்து போகும் நோய்க்குப் பொறுமை சில நாட்களுக்குப் போதும். வந்து தங்கும் நோய்க்கோ பொறுமை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேவைப்படுகின்றது. அப்பொறுமை ஒரு நாள் வற்றிப் போவதில் வியப்பில்லை.

விறாந்தையில் இருக்கும் மனிதர்

ஒரு கமக்காரரை எண்ணிப் பார்க்கலாம். இவர் இன்ன ஊரவர் என்றில்லை; எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர். வயது ஐம்பத்தெட்டு. விடிய நாலு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். திருவிழாக் காலத்தில் சுவாமி காவுவதற்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்குச் சலரோகம் இருப்பது தெரிய வந்தது. முதல் சில ஆண்டுகள் சொன்னபடி குளிசை எடுத்தார், மாலையில் நடந்தார், தேநீரில் சீனியை விட்டார். பின்னர் கால்களில் விறைப்பு வந்தது. இரவில் பல தடவை எழும்ப வேண்டியதாயிற்று. குளிசை போதாதென்று இன்சுலின் ஊசியும் எழுதிக் கொடுத்தார்கள். சொன்னதெல்லாம் செய்தும் நோய் கூடியதே என்ற எண்ணம் அவர் மனதில் ஒரு கல்லைப் போல விழுந்தது.

இப்போது அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கின்றார். கிளினிக் நாள் வந்து போகின்றது. "இஞ்சாருங்கோ, குளிசை போட்டனீங்களே?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்கின்றார். "ஓமப்பா, பிறகு போடுறன்" என்ற பதில் வருகின்றது. மத்தியானமும் அதே கேள்வி, அதே பதில். வந்து போகும் உறவினர், "முந்தி எப்பிடி ஓடித் திரிஞ்ச மனுசன், இப்ப சரியான பஞ்சி" என்று படலையடியில் நின்று சொல்கின்றனர். அது அவர் காதிலும் விழுகின்றது. அவர் மறுத்துப் பேசுவதில்லை. தம்மைப் பற்றி அவரும் அவ்வாறே எண்ணத் தொடங்கிவிட்டார் என்பதே அதற்குக் காரணம்.

பஞ்சியா, அயர்ச்சியா?

திருவள்ளுவர் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களை 60 முதல் 63 வரை வரிசையாக வைத்துள்ளார். அதே பொருட்பாலில் 95 ஆம் அதிகாரமாக மருந்தினையும் வைத்துள்ளார். சோம்பலைக் கடிந்த அதே பெரியார் நோயைப் பற்றிப் பேசும்போது நோயாளியைக் கடியவில்லை. நோய் எதுவென்றும், அது எதனால் வந்ததென்றும், எவ்வழியால் தணியுமென்றும் ஆராயவே சொல்கின்றார். எனவே சோம்பலும் நோயின் சோர்வும் ஒன்றல்ல என்பதை முதலில் உணர்தல் வேண்டும். இயன்றும் செய்யாமலிருப்பது மடி. செய்ய விரும்பியும் இயலாமலிருப்பது அயர்ச்சி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கதிரையில் ஒரே விதமாகச் சாய்ந்திருப்பது போலத் தோன்றும்.

உடம்பின் இயல்பை அறிந்தால் இவ்வேறுபாடு விளங்கும். உண்ணும் உணவு சீனியாக மாறி இரத்தத்தில் சேர்கின்றது. அது தசைகளின் உள்ளே சென்று எரிந்தால்தான் உடம்புக்குப் பலம் உண்டாகும். உள்ளே செல்லக் கதவைத் திறந்து விடும் திறப்புப் போன்றது இன்சுலின். சலரோகத்தில் அத்திறப்பு போதாமற் போகின்றது. அல்லது பூட்டு இறுகி விடுகின்றது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் கதவு பூட்டிக் கிடப்பதால் வீட்டார் பட்டினி கிடப்பது போல, இரத்தம் நிறையச் சீனி இருந்தும் உடம்பு களைத்துப் போகின்றது. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு, இரத்தம் ஊறுவதைத் தூண்டும் சுரப்புக் குறைந்து இரத்தசோகை ஏற்படுகின்றது. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மந்தமானால் உடம்பும் மனமும் சேர்ந்தே மந்தமாகின்றன. இவர்களைப் பார்த்துப் பஞ்சி என்று சொல்வது, எண்ணெய் இல்லாத விளக்கைப் பார்த்து எரிய மனமில்லாத விளக்கு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இதற்கு மேல், நீண்டகால நோயுள்ளவர்களிடையே மனச்சோர்வு என்னும் நோயும் மற்றவர்களிலும் கூடுதலாகக் காணப்படுகின்றது. மருந்தைத் தொடர்ந்து எடுக்க முடியாமற் போவதும் ஓர் ஊரின் குறையன்று. செல்வம் மிக்க நாடுகளிற் கூட நீண்டகால நோயாளரில் ஏறத்தாழப் பாதிப் பேரே மருந்தை விதித்தபடி எடுத்து வருகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிற் குறிப்பிட்டது. ஆகவே குளிசையைத் தள்ளிப் போடும் கமக்காரர் உலகில் தனி ஒருவர் அல்லர்.

எனினும் இதனைச் சொல்வதால் எல்லாச் சோர்வும் மன்னிக்கப்பட்டு விட்டது என்று பொருளாகாது. அயர்ச்சி மெல்ல மெல்ல மடியாக மாறக்கூடியது. இயலாத பத்தைக் காட்டி இயலும் ஒன்றையும் விட்டுவிடுதல் மனித இயல்பு. "சுவாமி காவ ஏலாது" என்பது உண்மை. அதிலிருந்து "கோயிலுக்கே வர ஏலாது" என்பதற்கும், அதிலிருந்து "குளிசை போட்டு என்ன பயன்" என்பதற்கும் மனம் தாவும்போது, உண்மை எங்கே முடிந்து சாட்டு எங்கே தொடங்கியது என்பதை நோயாளி தமக்குள் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதனை மற்றவர் சொல்லக் கூடாது. சொன்னால் அது பழியாகவே கேட்கும்.

வினை என்று இருந்துவிடலாமா?

நோயாளி சிலர், "இது என் வினை, அனுபவித்துத் தீர்க்கத்தான் வேண்டும், மருந்து எதற்கு?" என்பர். இது பக்தி போலத் தோன்றும். ஆனால் சைவ சித்தாந்தம் வினையை அவ்வாறு சொல்லவில்லை. வினை மூன்று வகைப்படும். முன்னர் ஈட்டிக் குவிந்திருப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறப்பில் அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். அதனை அனுபவிக்கும்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். நோய் பிராரத்தம் என்று கொண்டாலும், அந்நோயை ஒருவர் எவ்வாறு எதிர்கொள்கின்றார் என்பது பிராரத்தமன்று. அது இன்று அவர் கையில் உள்ளது.

மேலும், வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதே சித்தாந்தம். நோயைக் கூட்டுவித்தவன் மருந்தையும் கூட்டுவித்திருக்கின்றான். பசியும் வினைவழி வந்ததே. ஆயினும் பசித்தவர் எவரும் வினை என்று சோற்றை மறுப்பதில்லை. 1921 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெடெரிக் பான்டிங், சார்ள்ஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர், இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரைப் பிடித்து வைப்பதைத் தவிர வைத்தியருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகின் பெருஞ்செல்வரும் பணம் கொடுத்துப் பெற முடியாதிருந்த மருந்து இன்று அரசாங்க வைத்தியசாலையில் ஏழைக் கமக்காரருக்கும் இலவசமாக எழுதப்படுகின்றது. இதனைத் திருவருள் என்று காணாமல், நோயை மட்டும் இறைவன் செயல் என்று காண்பது அரைகுறைப் பார்வையாகும்.

பார்ப்பவர்களுக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. "என்ன பாவம் செய்தாரோ" என்று நோயாளியைப் பார்த்துச் சொல்பவர், பிறருடைய பழைய வினையை ஆராய்கையில் தமக்கொரு புதிய வினையைத் தேடிக்கொள்கின்றார்.

கண் கேட்டவருக்குக் கிடைத்த கோல்

நாயன்மார் வரலாறுகளில் நோய் தீர்ந்த அற்புதங்கள் பல உள்ளன. அவற்றைக் கேட்கும் நீண்டகால நோயாளிக்குச் சில வேளை ஆறுதலிலும் ஏக்கமே மிகும். "அவர்களுக்குத் தீர்ந்தது, எனக்கு ஏன் தீரவில்லை?" என்ற கேள்வி எழும். அத்தகையவர்கள் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றின் ஒரு பகுதியை ஊன்றிக் கவனித்தல் நன்று.

திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊரின் எல்லையைத் தாண்டியபோது சுந்தரருக்கு இரு கண்களும் மறைந்தன. காஞ்சிபுரத்தில் இடக்கண்ணையும், திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றார் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் இவற்றுக்கு முன்னர் திருவெண்பாக்கம் என்னும் தலத்தில் நடந்ததை நினைப்பவர் குறைவு. அங்கே அவர் கண்ணை வேண்டினார். இறைவன் கண்ணைக் கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றையே கொடுத்தார். கண் கேட்டவருக்குக் கோல்! சுந்தரருக்கு அது முழுத் திருப்தியைத் தரவில்லை. தோழர் என்ற உரிமையோடு இறைவனிடம் குறைபட்டுக் கொண்டார். ஆயினும் கோலை ஏற்றுக்கொண்டார். அதனை ஊன்றியே அடுத்த தலத்துக்கு நடந்தார், அங்கும் பாடினார். காஞ்சிக்குச் செல்லும் வழி முழுவதும் அவர் கண்ணில்லாதவராகவே நடந்தார்.

நீண்டகால நோயாளியின் வாழ்க்கை இந்த நடுவழியிலேயே நடைபெறுகின்றது. கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்தது கேட்டதன்று. குளிசை, ஊசி, ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி, கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிடும் பேரப்பிள்ளை ஆகிய இவையெல்லாம் நோயைத் தீர்ப்பவை அல்ல. அடுத்த தலம் வரை நடக்க வைப்பவை. அவற்றைக் குறைவானவை என்று எறிந்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்திருந்தால், கண் கிடைத்த காஞ்சிக்குச் சுந்தரர் போயிருக்க முடியாது.

கோலை ஏற்பது கண்ணைக் கேட்காமல் விடுவதன்று என்பதையும் இவ்வரலாறு காட்டுகின்றது. அவர் கோலோடும் நடந்தார், குறையும் சொன்னார், கண்ணையும் கேட்டார். இறைவனிடம் சலித்துக் கொள்ளும் நோயாளி பக்தியில் குறைந்தவர் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. ஏழாம் திருமுறையில் அச்சலிப்பும் தேவாரமாகவே வைத்துப் போற்றப்படுகின்றது.

தண்டியடிகள் கட்டிய கயிறு

சுந்தரரின் கண் வாக்குத் தவறியதனால் மறைந்தது. ஆகவே நோயெல்லாம் தவறுக்குத் தண்டனை என்று சிலர் முடிவு கட்டலாம். அவர்கள் தண்டியடிகள் நாயனாரை நினைத்தல் வேண்டும். திருவாரூரில் பிறந்த அவர் பிறவியிலேயே பார்வை அற்றவர். அவர் செய்த தவறு எதுவும் வரலாற்றிற் சொல்லப்படவில்லை. சேக்கிழார் சுவாமிகள் அவருடைய தொண்டையே பாடினார்.

திருக்கோயிலின் பக்கத்திலிருந்த திருக்குளம் தூர்ந்து போவதை அறிந்த அவர், அதனைத் தாமே தோண்டுவதென்று துணிந்தார். கண் தெரியாதவர் குளத்தினுள் இறங்குவதும், மண்ணைச் சுமந்து கரைக்கு வருவதும் எப்படி? குழியிலே ஒரு தறி நட்டார். கரையிலே ஒரு தறி நட்டார். இரண்டையும் கயிற்றினால் இணைத்தார். கயிற்றைத் தடவிக்கொண்டே போனார். மண்ணை எடுத்துக் கூடையில் இட்டு, கயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கூடைக்கும் மனத்திண்மை வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. திண்மை ஒரு முறை வேண்டியிருந்தது, தறியை நட்டுக் கயிற்றைக் கட்டுவதற்கு. அதன் பின் கயிறு அவரைக் கொண்டு போய்க் கொண்டு வந்தது.

ஊக்கம் குன்றிய நோயாளிக்கு இதிலும் சிறந்த உபாயம் இல்லை. நல்ல மனநிலை உள்ள ஒரு நாளில் கயிற்றைக் கட்டி வைத்துவிட வேண்டும். காலையில் திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்திலேயே குளிசைப் பெட்டியை வைக்கலாம்; திருநீறு பூசும் கை மறக்காது. கிளினிக் திகதியைச் சுவரிலுள்ள பஞ்சாங்கக் கலண்டரில், சதுர்த்தியும் சஷ்டியும் குறிக்கும் அதே மையால் குறிக்கலாம். மாலை நடையை ஓர் உடற்பயிற்சியாக எண்ணி மலைக்காமல், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கோயில் வரை போய் வருவதாக வைத்துக்கொள்ளலாம். நினைத்து நினைத்துச் செய்யும் செயல் சோர்ந்த நாளில் நின்றுவிடும். வேறொன்றோடு கட்டப்பட்ட செயல் சோர்ந்த நாளிலும் இழுபட்டேனும் நடக்கும்.

ஒரு நாள் கயிறு கையிலிருந்து நழுவினாலும் குளம் மூடிவிடுவதில்லை. சலரோகத்துக்குச் செய்யும் இரத்தப் பரிசோதனைகளில் ஒன்று மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. செங்குருதிக் கலங்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால் அவற்றிற் படிந்த சீனி அக்காலத்தின் கணக்கைச் சொல்கின்றது. நோயின் பேரேட்டிற் கூட ஒரு நாளின் தவறு மூன்று மாதத்தில் ஒரு நாளாகவே பதியப்படுகின்றது. "நேற்று விட்டுவிட்டேன், இனி என்ன" என்பதே ஒரு நாள் தவறை ஓராண்டுத் தவறாக்கும் சொல். விட்ட மருந்தை இரட்டிப்பாக எடுக்காமல், வைத்தியர் சொல்லிய முறைப்படி அடுத்த வேளையிலிருந்து மீண்டும் கயிற்றைப் பிடித்துக்கொள்வதே அறிவுடைமை.

மனம் வரும் வரை காத்திருத்தல்

"மனம் வந்தால் செய்யலாம்" என்பது பொதுவான எண்ணம். சைவ நெறி காட்டும் ஒழுங்கு வேறு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படிகள் சொல்லப்படுகின்றன. முதற்படியாகிய சரியை உடம்பினால் செய்யும் தொண்டு: அலகிடல், மெழுகல், பூப்பறித்தல், மாலை கட்டல், விளக்கிடல். கிரியையில் உடம்போடு மனமும் சேர்கின்றது. யோகம் மனத்தின் தொழில். மனம் முற்றாக ஒடுங்கிய பின்னரே கோயிலுக்கு வா என்று சமயம் சொல்லவில்லை. முதலில் கையை அனுப்பு, மனம் பின்னால் வரும் என்றே சொல்கின்றது. மனமில்லாமல் பூப்பறிக்கத் தொடங்கியவர் பத்தாவது பூவில் மனம் வந்து சேர்ந்திருப்பதைக் காண்பதுண்டு. மருந்துக்கும் நடைக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் இதுவே முறை. அவை நோயாளியின் சரியை.

திருமூல நாயனாரும் தொடக்கத்தில் உடம்பை இழிவாக எண்ணியதாகவும், உள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பின் உடம்பைப் பேணத் தொடங்கியதாகவும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் கூறுகின்றார். ஓடு உடைந்த கோயில் என்பதற்காக எவரும் விளக்கு வைக்காமல் விடுவதில்லை. உடைந்த ஓட்டுக்கு ஓலை செருகியாவது பூசை நடைபெறுகின்றது. ஊசி போடும் வேளை அவ்வகையான ஒரு பூசை வேளையே.

ஆனால் கையே எழாத நாட்களும் உண்டு. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, எதிலும் விருப்பமற்று, வாழ்வதே சுமை என்ற எண்ணம் இரண்டு கிழமைக்கு மேல் தொடருமானால் அது அறிவுரையால் தீருவதன்று. அது வைத்தியரிடம் சொல்ல வேண்டிய நோய். சாவதே மேல் என்ற சொல் வாயில் வருமானால் கிழமைக் கணக்குப் பார்க்காமல் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். கால்வலியைச் சொல்லக் கூசாதவர் மனவலியைச் சொல்லக் கூசுகின்றார். கிளினிக்கில் சீனியின் அளவைச் சொல்லும் அதே வாயால் "மனம் சரியில்லை, ஒன்றிலும் பற்றில்லை" என்பதையும் சொல்லலாம். அதற்கும் மருந்து உண்டு. கேட்டு ஆற்றுப்படுத்துபவர்களும் உண்டு.

திலகவதியார் காட்டிய வழி

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் இருந்து உதவுபவரையும் நான்காவதாகச் சேர்த்தார். அவ்வுதவியாளர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்குத் திலகவதியாரே இலக்கணம்.

தம்பியார் மருள்நீக்கியார் வேற்றுச் சமயம் புகுந்து தருமசேனராக விளங்கிய காலத்தில், தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் தொண்டு செய்து வந்தார். சூலை நோயினால் துடித்த தம்பியார் ஒருவரும் அறியாமல் இரவில் வந்து காலில் விழுந்தபோது, அத்தமக்கையார் "அன்றே சொன்னேனே" என்று இடித்துரைக்கவில்லை. எடுத்து நிறுத்தினார், திருநீற்றைக் கொடுத்தார், விடியற்காலையில் வழமைபோலத் தொண்டுக்குப் புறப்படுகையில் தம்பியாரையும் கூட அழைத்துச் சென்றார். நான்காந் திருமுறையின் முதற் பதிகம் அவ்விடத்தில் பிறந்தது.

இதில் வீட்டார் கற்க வேண்டியது பெரிது. "குளிசை போட்டனீங்களே?" என்று அடுப்படியிலிருந்து பத்துத் தரம் கேட்பதிலும், தண்ணீரோடு ஒரு தரம் பக்கத்தில் வந்து இருப்பது மேல். "நடவுங்கோ" என்பதிலும் "வாருங்கோ, கோயிலடிக்குப் போட்டு வருவம்" என்பது மேல். அதே வேளை திலகவதியார் தம்முடைய தொண்டை விட்டுவிட்டுத் தம்பியாருக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். பராமரிப்பவரும் தமது வழிபாட்டையும் உறக்கத்தையும் உடல்நலத்தையும் காத்துக்கொண்டால்தான் மற்றவரைத் தாங்க முடியும்.

கோயிலும் நோயாளியும்

கோயிலை நாடும் நோயாளிக்குச் சில நடைமுறை விடயங்களும் இன்றியமையாதவை. இன்சுலின் ஏற்றுபவரும் சில வகைக் குளிசைகளை எடுப்பவரும் உணவின்றி இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்து மயக்கம் ஏற்படலாம். கந்தசஷ்டி, கேதாரகௌரி முதலிய விரதங்களைப் பிடிக்க விரும்புபவர் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு, இயன்ற அளவில் பாலும் பழமும் அல்லது ஒரு நேர உணவும் கொண்டு விரதத்தை அமைத்துக்கொள்ளலாம். கூடாதென்றால் அன்று தொண்டையே விரதமாகக் கொள்ளலாம். நீண்டகாலச் சலரோகத்தில் கால்களின் உணர்ச்சி குறைவதால், தேர்த்திருவிழாவன்று கொதிக்கும் வீதி மணலில் வெறுங்காலோடு நடப்பவருக்குச் சூடு தெரியாமலே புண் உண்டாகலாம். அவர்கள் வெயிலேறுமுன் வழிபட்டுச் செல்வதும், வீடு சென்றதும் உள்ளங்காலைப் பார்ப்பதும் அவசியம். பிரதட்டையும் காவடியும் நேர்ந்து வைத்தவர்கள் அந்நேர்த்தியை வேறொரு தொண்டாக மாற்றிக்கொள்வதில் தவறில்லை. அடியவர் புண்பட இறைவன் விரும்புவதில்லை.

பரிபாலன சபையினரும் தொண்டர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவாமி காவ முடியாதவருக்குக் கோயிலில் வேலை முடிந்துவிடவில்லை என்று அவருக்குத் தெரியப்படுத்துவதே அது. மாலை தொடுக்கலாம், தோரணம் பின்னலாம், பஞ்சபுராணம் ஓதலாம், புராணபடிப்பில் பயன் சொல்லலாம், சிறுவர்களுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கலாம். "உங்களுக்கு ஏலாது, நீங்கள் இருங்கோ" என்பது அன்பாகச் சொல்லப்பட்டாலும், அது அவரை மீண்டும் சாய்மனைக் கதிரைக்கே அனுப்பும் சொல். "இந்தப் பூவை நீங்கள்தான் கட்டித் தரவேணும்" என்பது எழுப்பி விடும் சொல். தேவைப்படுகின்றேன் என்று அறிந்த மனிதர் மருந்தை மறப்பது அரிது.

விறாந்தையில் இருந்த கமக்காரருக்கு நோய் தீரப் போவதில்லை. அவர் பழையபடி சுவாமி காவப் போவதுமில்லை. ஆயினும் ஒரு மாலை, மடியில் ஒரு கடகம் பூவோடு கோயிலின் தெற்கு வாசற் திண்ணையில் அவர் இருந்து மாலை கட்டலாம். கட்டி முடிந்ததும், நேரமாகிவிட்டது என்று தாமே எழுந்து ஊசி போட வீட்டுக்குப் போகலாம். உலகம் அதனை ஊக்கம் என்று புகழாது. ஆனால் தறியிலே கட்டிய கயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு கூடை மண்ணைக் கரையேற்றிய தண்டியடிகளின் தொண்டுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு இல்லை.

கண்ணைக் கேட்பவர்களுக்குக் கண்ணையும், அது வரும் வரை ஊன்றிச் செல்லக் கோலையும், கோலைப் பிடிக்கக் கையில் வலுவையும் எல்லாம் வல்ல இறைவன் தந்தருள்வானாக. நோயுற்ற அடியார்களும் அவர்களைப் பேணும் குடும்பத்தினரும் அவன் திருவருளால் மனந் தளராது வாழ்வார்களாக.

சுபம்.